முப்பத்தொன்றாம் இலக்கத்துக்கு என்னிடம் நேரம் இல்லை

போன மாதம், நேரம் எடுக்கப் பழகும் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். முடிவுக் கோட்டில் ஒளிக்கதிர்க் கருவி இருக்கிறது, கணினி இருக்கிறது, வினாடியை நூறாகப் பிரித்து அதுவே நேரம் எடுக்கிறது. பிறகு ஏன் பக்கத்தில் ஒரு ஆளைக் கையில் பொத்தானோடு குளிரில் நிறுத்தி வைக்கிறார்கள் என்று. "விதி அப்படி" என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பொய் இல்லை, ஆனால் முழுப் பதிலும் இல்லை. முழுப் பதிலைச் சொன்னால் என் மானம் போகும் என்பதால் உங்கள் கோப்பையில் இன்னொரு முறை தேத்தண்ணீரை ஊற்றினேன். இப்போது ஓய்வூதியம் ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. இனி யாரும் என்னை வேலையால் நிற்பாட்ட ஏலாது. ஆகவே எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடம் அந்தப் பொத்தானை அழுத்தியவள் நான். ஜெர்மனியின் ஹம் நகரில் நான் பிஸ்கற் அடைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடியபோது, வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஒரு முகவரியைக் கையில் தந்தார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கும் சின்ன நிறுவனம். முதலாளியோடு சேர்த்து நாலு பேர், ஒரு வான் வண்டி. கோடையில் நகர ஓட்டங்களும் நீச்சலும், குளிர்காலத்தில் பனிச்சறுக்கும். நேர்முகத்தில் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: குளிர் தாங்குவீர்களா. தாங்குவேன் என்றேன். பருத்தித்துறையில் பிறந்தவள் அப்படிச் சொன்னதை அவர் எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. வசந்தி என்ற என் பெயரை அன்றே அவர் ஃபசந்தி ஆக்கினார். கடைசி நாள் வரைக்கும் நான் ஃபசந்திதான்.

எனக்கு வேலை பழக்கியவர், எனக்கு முன்னால் அந்த இடத்தில் நின்ற ஒரு மனிதர். அதிகம் பேசமாட்டார். இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தார், மூன்றாம் நாள் ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோட்டைத் தாண்டுவது எதுவாக இருந்தாலும் அழுத்து. ஆளோ, நாயோ, உருண்டு வருகிற தொப்பியோ, எதுவானாலும் அழுத்து. வேண்டாததைப் பிறகு பேனையால் வெட்டலாம். அவ்வளவுதான் அவருடைய முழுப் பயிற்சி. அதை நான் ஒரே ஒரு தடவைதான் மீறினேன். அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் இது.

சவுவர்லாந்து மலைப்பக்கத்தில் மாநில இளையோர் பனிச்சறுக்குப் போட்டி. சனிக்கிழமை நீண்ட வளைவுகளில் இறங்கும் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நெருங்கிய கம்பங்களுக்கிடையில் ஓடும் ஸ்லாலொம். மலைக் கிராமங்களிலிருந்து வந்த அணிகள்தான் கூடுதல். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் நடக்கப் பழகமுதலே சறுக்கப் பழகியவர்கள் என்று தெரியும். அவர்களுக்கு நடுவில், எங்கள் தட்டையான ஹம் நகரத்திலிருந்தும் ஒரு அணி வந்திருந்தது. ஆறு பிள்ளைகள், ஒரு பயிற்சியாளர், ஆறு நிறத்தில் ஆறு தலைக்கவசம். எங்கள் ஊரில் மலை இல்லை. மலை மாதிரி ஏதாவது இருந்தால் அது சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவு மேடு. இந்தப் பிள்ளைகள் சறுக்கப் பழகியது ஒரு உள்ளரங்கில், கூரைக்குக் கீழே, யந்திரம் செய்த பனியில். அதனால் மலைப்பிள்ளைகள் அவர்களுக்குக் குளிர்பெட்டி அணி என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளும் கோபிக்கவில்லை. வானின் கண்ணாடியில் ஒரு குளிர்பெட்டிப் படத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி ஆதிரா. பதினான்கு வயது. தகப்பன் குகநாதன், எங்கள் எல்லோருக்கும் குகன், பிராந்திய ரயில் ஓட்டுபவர். பள்ளிக்கூடம் ஒரு கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பிள்ளைக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததாம். குகனுக்குப் பனிச்சறுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் ஓடும் ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று ஜக்கெற்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவார். எனக்கு அவரைக் கோயில் திருவிழாவில் கண்ட பழக்கம். அந்த மலையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வினாடியை நூறாகப் பிரித்து என்ன செய்வீர்கள் என்பது. அவருடைய தொழிலில் ஐந்து நிமிடம் பிந்தினாலும் நேரத்துக்கு வந்ததாகத்தான் எழுதுவார்களாம்.

சனிக்கிழமை எனக்கு நல்ல நாள். ஒரு தடவை யாரோ கட்டாமல் விட்ட கறுப்பு நாய் ஒன்று மேலேயிருந்து ஓடிவந்து கோட்டைத் தாண்டியது. நான் அழுத்தினேன். நேரம் காகிதத்தில் அச்சாகி வந்தது. முதலாளி வோக்கிடோக்கியில், நாய் எத்தனையாம் இடம் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பெருமையோடு சிரித்தேன். நாயைக்கூட விடாதவள் என்ற பெருமை. அந்தப் பெருமை இருபத்துநாலு மணித்தியாலம்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்லாலொம் இரண்டு ஓட்டம். இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம். முதல் ஓட்டம் முடிய ஆதிரா ஆறாவது இடத்தில் நின்றாள். குளிர்பெட்டி அணியிலிருந்து ஒரு பிள்ளை முதல் பத்துக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. முதல் மூன்று பேரை மாநில அணியின் கோடைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். மூன்றாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு தும்மல் அளவு. பயிற்சியாளர் நகம் கடித்துக்கொண்டு நடந்தார். குகன் நாலாவது ஜக்கெற் ஒன்றையும் எங்கேயோ வாங்கிப் போட்டிருந்தார்.

இரண்டு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். வேறொரு அணியில் ஓடும் பையனின் தாய். அணிகளுக்குக் காசு சேர்க்க வாஃபல் சுட்டு விற்கும் மேசை அவருடையது. இரண்டு நாளாக எனக்கு இலவசமாக வாஃபல் தந்துகொண்டிருந்தவர், அதுவும் செரிப்பழம் போட்டது. வரிசை நீண்டுவிட்டது, இரண்டாவது அடுப்பையும் போடவேண்டும், பிளக் சொருக எங்கேயாவது இடம் இருக்குமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். எனக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மின்பெட்டி இருந்தது. அதில் ஒரு துளை காலியாக இருந்தது. அந்தப் பெட்டி முடிவுப் பகுதிக்கு மட்டும் உரியது என்று அதன் மூடியிலேயே எழுதியிருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். ஆனாலும் இரண்டு நாளாக ஒருவரின் கையால் சாப்பிட்டுவிட்டு, இல்லை என்று எப்படிச் சொல்வது. "அதோ" என்று கையைக் காட்டினேன். அவர் நன்றி சொல்லி, இன்னொரு வாஃபலும் தந்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஓட்டத்தில் பின்னுக்கு நிற்பவர்கள் முதலில் வருவார்கள், முன்னுக்கு நிற்பவர்கள் கடைசியில். ஆதிராவுக்கு இலக்கம் முப்பத்தொன்று. அவளுக்குப் பிறகு ஐந்து பேர்தான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் அவளுடைய பெயரோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். ஆதிரா குகநாதன் என்ற பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கண்டுபிடித்தார். நான் பெருவிரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு நின்றேன். மேட்டில் அவள் தலை தெரிந்தது. கண்ணை மூடித் திறக்கும் முன் நாலு கம்பம் தாண்டிவிட்டாள். இத்தனை வருடம் கோட்டில் நின்றால் யார் வேகம், யார் வேகமில்லை என்று கண்ணுக்குப் பழகிவிடும். அவள் வேகம்.

அந்த நேரம் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். பியூஸ் விழுந்துவிட்டது.

கோட்டுக்கு மேலே ஒரு வளைவு நிற்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்றடைத்த பெரிய நீல வளைவு, எல்லாப் போட்டியிலும் நிற்பது. அதற்குள் ஒரு மின்விசிறி விடாமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கவேண்டும். அந்த விசிறியும் இரண்டாவது வாஃபல் அடுப்பும் இப்போது ஒரே பெட்டியில் சம்பந்தம் செய்திருந்தன. நேரக் கருவி பட்டரியில் ஓடுவது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை; விசிறி நின்றது. வளைவு உடனே விழவில்லை. கலியாண வீட்டு வாசலில் விருந்தாளியைக் கண்ட மாமனைப் போல மெதுவாக முன்னுக்குக் குனிந்தது. பிறகு ஒரு தோள் சரிந்தது. பிறகு முகம் முழுக்கச் சுருங்கிக் கீழே வரத் தொடங்கியது. அங்கே நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு அதைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஆதிரா குந்தியபடி அந்த நீலத் துணிக்குக் கீழால் புகுந்து வெளியே வந்தாள். கூட்டம் கத்தியது. அதற்குப் பிறகுதான் என் பெருவிரலைப் பார்த்தேன். அது பொத்தானில் சும்மா படுத்துக் கிடந்தது.

மேலே ஓட்டத்தை நிறுத்தினார்கள். பலகையில் அவளுக்கு முப்பத்தெட்டு வினாடி என்று விழுந்திருந்தது. உலகத்தில் யாரும் அந்தப் பாதையை முப்பத்தெட்டு வினாடியில் முடிக்க முடியாது. தொங்கிய துணி அவளுக்கு முன்னமே ஒளிக்கதிரைத் தொட்டுவிட்டது. வோக்கியில் முதலாளியின் குரல் வந்தது. ஃபசந்தி, முப்பத்தொன்றுக்குக் கை நேரம் தாருங்கள் என்றார், மிகவும் அமைதியாக. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக யாரோ என் நேரத்தைக் கேட்கிறார்கள். நான் காகிதத்தைப் பார்த்தேன். முப்பதாம் இலக்கத்தின் நேரம் இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.

ஒரு நிமிடம் என்றேன்.

அந்த ஒரு நிமிடத்தில்தான் குகன் வேலிக்கு வந்தார்.

"அக்கா, கருவி பிழைச்சுப்போச்செண்டு சொல்லுறாங்கள். உங்கட கையில நேரம் இருக்குத்தானே?"

"இல்லைத் தம்பி. நான் அழுத்தேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். சுற்றிவர முந்நூறு பேர் நின்றாலும் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை; ஆனாலும் தாழ்த்தினார்.

"நான் போனில நேரம் எடுத்து வைச்சிருக்கிறன். இதைப் பார்த்து எழுதிவிடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"காட்டாதேங்கோ."

"அக்கா, பிள்ளை உயிரைக் குடுத்து ஓடினவள். பார்த்தனீங்கள்தானே. திரும்ப ஓடு எண்டா அவளால ஏலாது."

போனை அவர் வேலிக்கு மேலால் நீட்டினார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகளே, அது வீரம் இல்லை, பயம். அந்த இலக்கத்தை ஒரு தடவை பார்த்தால் அது என் கண்ணுக்குள் போய்விடும். ஐந்து நிமிடத்தில் அது நானே எடுத்த நேரம் என்று எனக்கே தோன்றத் தொடங்கிவிடும். அவள் வேகமாக வந்ததை நான் கண்ணால் கண்டவள். எழுதினால் அதில் பெரிய பொய்யும் இல்லை என்று மனம் சொன்னது. எங்கட பிள்ளை, முதல் தடவை, ஒரு கையெழுத்துத் தூரம். இப்படி எல்லாம் என் மனம் அடுக்கிக்கொண்டே போனது.

உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த அடுக்கின் அடியில் இன்னொன்று இருந்தது. நான் ஒரு நேரத்தைக் கொடுத்துவிட்டால் விசாரணை இல்லை. விசாரணை இல்லாவிட்டால் வளைவு ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆதிராவுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் யோசித்தது அந்தப் பிளக்குக்காக. உங்களுக்கும் ஒருநாள் யாரையோ காப்பாற்றப் பொய் சொல்லவேண்டும் போல் இருக்கும். அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் எந்தப் பெட்டி திறந்து கிடக்கிறது என்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கள்.

நான் வோக்கியை எடுத்தேன். முப்பத்தொன்றுக்கு என்னிடம் நேரம் இல்லை என்றேன். பிறகு முதலாளி, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்றைக்கும் தெரியாது. இருக்கிறது என்றேன், மின்பெட்டியைப் பற்றி.

குகன் போனை உள் ஜக்கெற்றுக்குள் வைத்தார். "சொந்தப் பிள்ளை மாதிரி எண்டு சொல்லுவியள்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தச் சொல் எனக்குச் சரியாகத் தைத்தது.

நடுவர் சறுக்கிக்கொண்டு கீழே வந்தார். வரித் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். எதையும் வரிசையாகத்தான் கேட்பார். ஏன் அழுத்தவில்லை என்றார். வளைவைப் பார்த்தேன் என்றேன். எழுதினார். வளைவு ஏன் விழுந்தது என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வாஃபல் அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் பிடுங்கிய பிளக், சட்டைக் கையில் மா. குற்றம் முழுக்கத் தன்னுடையது என்றார். இல்லை, இடத்தைக் காட்டியது நான் என்றேன். அவர், கேட்டது நான்தான் என்றார். நான், மூடியில் எழுதியிருந்ததை வாசித்தவள் நான்தான் என்றேன். இரண்டு பெண்கள் ஒரு குற்றத்துக்காக இப்படி இழுபறிப்படுவதை நடுவர் தன் அலுவலக வாழ்க்கையில் கண்டிருக்கமாட்டார். கொப்பியிலிருந்து நிமிராமல், அடுப்பு எத்தனை வாட் என்று கேட்டார். வாஃபல் அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எழுதினார். பிறகு மற்ற நடுவர்களோடு பேசிவிட்டு வந்து தீர்ப்பைச் சொன்னார். வளைவை அகற்றவேண்டும், மிச்சம் ஐந்து பேரும் ஓடவேண்டும், கடைசியாக முப்பத்தொன்று திரும்ப ஓடவேண்டும். சொல்லிவிட்டு, ஆறிப்போன வாஃபல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார்.

இப்போது பிள்ளையிடம் சொல்லவேண்டும். பயிற்சியாளர் சொல்லப் போனார். நானும் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஆதிரா பனியில் கால் நீட்டி இருந்துகொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். திரும்ப ஓடவேண்டும் என்று கேட்டதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, எஹ்ட்?" என்றாள். உண்மையாகவா என்பதற்கு அவர்கள் சொல்லும் ஜெர்மன் சொல்.

"ஓம் பிள்ளை. பிழை என்ரதான். நான் உன்னைப் பார்க்கேல்லை, அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்."

"நானும் அதைத்தான் பார்த்தனான். கடைசி மூண்டு கம்பத்திலயும் பிரேக் பிடிச்சனான், அது தலையில விழப்போகுதெண்டு." அவள் எழும்பிப் பனியைத் தட்டினாள். "திரும்ப விடமாட்டினமோ எண்டு பயந்துகொண்டு இருந்தனான்."

நானும் குகனும் பயிற்சியாளரும் அந்தப் பத்து நிமிடம் அவளுக்காக எவ்வளவு துடித்தோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் தடிகளை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டை நோக்கிப் போய்விட்டாள்.

வளைவை அகற்றுவது லேசாக இருக்கவில்லை. காற்று பாதியில் நின்றுவிட்டது, மீதி வெளியே போகமாட்டேன் என்றது. கடைசியில் வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த எட்டுத் தகப்பன்மார் அதன்மேல் ஏறி வரிசையாக இருந்தார்கள். அது பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்தது. அவர்களில் மூன்று பேர் பனியில் வழுக்கி ஒன்றாகக் கீழே போனார்கள். முந்நூறு பேர் கைதட்டினார்கள். அன்றைய நாளின் பெரிய கைதட்டல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்து பேரும் ஓடி முடித்தார்கள். இப்போது எல்லோருக்கும் கணக்குத் தெரியும். மூன்றாவது இடத்துக்கு ஆதிரா ஐம்பத்தொரு வினாடி இருபதுக்குள் வரவேண்டும். பாதை முழுக்கக் குழியும் கிடங்குமாகப் போயிருந்தது. அறிவிப்பாளர் இந்த முறை அவளுடைய பெயரைப் பிழைவிடக்கூடாது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிச் சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது அவள் ஐந்தாவது கம்பத்தில் நின்றாள். மலைக்கிராமத்துச் சனம் எல்லாம், குளிர்பெட்டி, குளிர்பெட்டி என்று ஒரே குரலில் கத்தியது. நான் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் பூமி வெடித்திருந்தாலும் பார்த்திருக்கமாட்டேன். அவள் வந்தாள், நான் அழுத்தினேன். பிறகு காகிதத்தைப் பார்த்தால் மூன்று தடவை அழுத்தியிருக்கிறேன். ஒன்று அவள் தாண்டியபோது, மற்ற இரண்டும் திரும்பவும் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில்.

ஐம்பத்தொரு வினாடி இருபத்தொன்பது. நூறில் ஒன்பது பங்கு வினாடியால் நாலாவது இடம்.

அவள் பலகையைப் பார்த்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு அணிப் பிள்ளைகள் ஐந்து பேரும் வந்து அவள்மேல் விழுந்தார்கள். அங்கே ஒரு குவியலாகக் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேபிளைச் சுருட்டப் போனேன். சுருட்டவேண்டிய கேபிள் முழுவதையும் சுருட்டிவிட்டு, சுருட்டியதை அவிழ்த்துத் திரும்பவும் சுருட்டினேன்.

கார் நிறுத்துமிடத்தில் குகன் வந்தார். இரண்டு மணித்தியாலம் என்னோடு பேசாதவர் நேரே வந்து போனை நீட்டினார். இந்த முறை நான் பார்த்தேன். நாற்பத்தேழு வினாடி சொச்சம் என்று இருந்தது.

"இது என்ன நேரம் தம்பி?"

"இது ரெண்டாந்தரம் ஓடினதுக்கு நான் எடுத்தது அக்கா. முதல் எடுத்த மாதிரியேதான் எடுத்தனான். மைக்கில பேர் சொல்லி முடிய அமத்தினனான்."

அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை நாலு வினாடி ஓடிவிட்டாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்ப நீங்கள் சொன்னதை நான் எழுதியிருந்தா, இவள் முதலாவது" என்றேன்.

"முதலாவது இல்லை அக்கா. மற்றவையை விட ரெண்டு செக்கனால முதலாவது. பொலிசைக் கூப்பிட்டிருப்பாங்கள்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அவர் போனை உள்ளே வைத்தார். "ஆனா அக்கா, முதல் ஓடினது இதைவிட நல்லா ஓடினாளோ எண்டு எனக்கு இப்பவும் யோசனைதான்" என்றார். எனக்கும் யோசனைதான் என்றேன். பிரேக் பிடித்ததாக அவள் சொல்லுகிறாள். பாதை அப்போது நன்றாக இருந்தது என்று நான் சொல்லுகிறேன். யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டத்தின் நேரம் உலகத்தில் எங்கேயும் இல்லை. அதைத் தொலைத்தவள் நான். கைப்பொத்தான் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குத்தான்.

ஆதிராவை அந்த வருடம் எடுக்கவில்லை. அடுத்த வருடம் எடுத்தார்கள். இரண்டு பருவம் ஓடினாள், முழங்காலில் அடிபட்டாள், விட்டாள். இப்போது பான் நகரில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் அதே உள்ளரங்கில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிறாள். எங்காவது கண்டால் கட்டிப்பிடிப்பாள். பிறகு என் கையைத் தூக்கி, பெருவிரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

என் வேலை போகும் என்று நினைத்தேன். வானில் திரும்பி வரும்போது முதலாளி நெடுஞ்சாலை வரைக்கும் வானொலியில் போக்குவரத்துச் செய்தி கேட்டார். பிறகு, செரிப்பழம் போட்டதா, சீனி மட்டும் போட்டதா என்று கேட்டார். செரிப்பழம் என்றேன். தலையை ஆட்டினார். அதோடு அந்தக் கதை முடிந்தது. திங்கட்கிழமை காலை சம்பவ அறிக்கைப் படிவத்தை என் மேசையில் வைத்தார். காரணம் என்ற இடத்தில் மிகச் சின்னப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. நான் வாஃபல் என்று எழுதி ஒப்பமிட்டேன்.

அடுத்த குளிர்காலம் போட்டி ஒழுங்குவிதிகள் புதிதாக அச்சாகி வந்தன. பதினெட்டுப் பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் முன்னர் இல்லாத ஒரு வரி இருந்தது: முடிவுப் பகுதியின் மின்பெட்டியிலிருந்து உணவு தயாரிக்கும் சாதனங்களுக்கு, குறிப்பாக வாஃபல் அடுப்புகளுக்கு, எக்காரணம் கொண்டும் மின்சாரம் வழங்கப்படலாகாது. போன மாதம் பயிற்சி வகுப்பில் நீங்கள் எல்லோரும் அந்த வரிக்கு விழுந்து விழுந்து சிரித்ததாக முதலாளி சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். எத்தனையோ படிவம் நிரப்பினேன், எத்தனையோ விதிக்குக் கட்டுப்பட்டேன். இந்த நாட்டின் விதிகளுக்குள் நான் போட்ட ஒரே வரி அது. பெயரைப் போடாமல் விட்டது அந்த நடுவரின் பெருந்தன்மை.